வெள்ளத்துக்கு முன்னே வரவேண்டிய அரிசி

2005 ஜூலை 26 காலை தொடங்கி மறுநாள் காலை வரை மும்பை சாந்தாகுரூஸில் பதிவான மழை 94 சென்டிமீட்டர். 2023 டிசம்பர் 17 காலை தொடங்கி மறுநாள் காலை வரை தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 சென்டிமீட்டர். முதல் மழை நாம் பிழைக்க வந்த ஊரில் கொட்டியது. இரண்டாவது மழை நாம் விட்டு வந்த சீமையில் கொட்டியது. தாராவியிலும் சீத்தா கேம்ப்பிலும் குடியிருக்கும் நம்மவரில் பெரும் பகுதியினர் நெல்லை, தூத்துக்குடிச் சீமையிலிருந்து வந்தவர்கள்தானே! ஆகவே தோழர்களே, தாய்மார்களே, இந்த இரண்டு வெள்ளமும் நம் வீட்டு வெள்ளம். ஒன்றில் நாம் நனைந்தோம். மற்றொன்றில் நம்மைப் பெற்றவர்கள் நனைந்தார்கள்.

வெள்ளம் வடிந்ததும் எத்தனை பேர் மாண்டார்கள், எத்தனை கோடி நஷ்டம், எந்த மந்திரி எந்தப் படகில் போனார் என்றெல்லாம் பத்திரிகைகள் எழுதுகின்றன. மும்பை நகரில் மட்டும் 2005இல் நானூறு உயிருக்கு மேல் போயிற்று, எழுதவேண்டியதுதான். ஆனால் சாகாமல் மிஞ்சியவன் மறுநாள் எதைத் தின்றான், அடுத்த மாதம் எதைத் தின்றான் என்று யாரும் எழுதுவதில்லை. பத்துக்குப் பத்து ரூமில் அரிசி டின் தரையில் இருக்கிறது, அடுப்பு தரையில் இருக்கிறது, ரேஷன் கார்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இடுப்பளவு தண்ணீர் ஏறினால் மூன்றும் ஒரே நேரத்தில் போகின்றன. அன்றாடம் வேலைக்குப் போனால்தான் கூலி. வேலையும் ஒரு வாரத்துக்கு இல்லை. இதைத்தான் கடற்கரை ஏழையின் உணவுப் பிரச்சினை என்கிறேன். நாட்டில் அரிசி இல்லாமலா இது நடக்கிறது? கிடங்கில் அரிசி இருக்கிறது. அது வேண்டிய இடத்தில், வேண்டிய நாளில் இல்லை.

இதை விளங்கிக்கொள்ள 2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நடந்ததைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. ரயில்வேக்காரன் ரயில் கதையைத்தான் சொல்வான் என்று நினைக்காதீர்கள். இதில் விஷயம் இருக்கிறது.

17ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றது. அதற்கப்பால் செய்துங்கநல்லூர் வரையுள்ள பாதையில் வெள்ளம் சரளைக் கல்லையும் மண்ணையும் அரித்துக்கொண்டு போய்விட, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. வண்டியில் ஏறக்குறைய 800 பயணிகள். கைக்குழந்தைக்காரர்கள் உண்டு, முதியவர்கள் உண்டு, மாத்திரை இல்லாமல் ஒரு நாள் தள்ள முடியாதவர்கள் உண்டு. முந்நூறு பேர் போலப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். மீதி ஐந்நூறு பேர் நிலையத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். சாலை இல்லை, மின்சாரம் இல்லை. மீட்புப் படை வந்து சேர்ந்ததும், ஹெலிகாப்டர் உணவுப் பொட்டலம் போட்டதும் 19ஆம் தேதி. பிறகு அவர்களை வாஞ்சி மணியாச்சிக்குக் கொண்டுபோய்த் தனி ரயிலில் சென்னைக்கு அனுப்பினார்கள்.

அதுவரை அந்த ஐந்நூறு பேருக்குச் சோறு போட்டது யார்? பக்கத்திலிருந்த புதுக்குடி ஊர்க்காரர்கள். தங்கள் வீட்டில் இருந்த அரிசியையும் பருப்பையும் கொண்டுவந்து பொங்கிப் போட்டார்கள். அவர்களும் வெள்ளத்தில் சிக்கியவர்கள்தான். எந்த உத்தரவுக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை.

எல்லாரும் இதை மனிதாபிமானம் என்று பாராட்டினார்கள். பாராட்டவேண்டியதுதான், நானும் பாராட்டுகிறேன். ஆனால் பாராட்டோடு விட்டுவிடுவது சரியல்ல. மனம் மட்டும் இருந்தால் சோறு வெந்துவிடுமா? அந்த ஊரில் அரிசி இருந்தது, விறகு இருந்தது, பெரிய பாத்திரம் இருந்தது, ஈரம் படாத ஒரு மேட்டிடம் இருந்தது. வெள்ளம் வருமுன்பே அங்கே இருந்த அரிசிதான் ஐந்நூறு பேரைக் காப்பாற்றியது. பிறகு கிளம்பிய அரிசி மூன்றாம் நாள்தான் வந்தது. ஏரல் போன்ற ஊர்களுக்கோ பல நாள் வழியே அறுந்து கிடந்தது. தாலுகா கிடங்கில் எத்தனை மூட்டை அடுக்கியிருந்து என்ன பயன்?

நம் முன்னோருக்கு இது தெரியும். தென்னாட்டு வீடுகளில் மண் குலுக்கை இருந்தது. ஐப்பசி அடைமழைக்கு முன்பே நெல்லை அவித்துக் குத்தி அரிசியாக்கி, வத்தல் போட்டு, புளியை உருட்டி, கருப்பட்டியை ஓலைப்பெட்டியில் கட்டிப் பரணில் வைத்தார்கள். கடற்கரையில் கருவாடு. இங்கே கொங்கணக் கரையிலும் அதே கதைதான். மழை நான்கு மாதத்துக்கென்று அரிசி, கருவாடு, கோக்கம் எல்லாம் மே மாதத்திலேயே சேர்த்துவைப்பதை மராத்தியில் ஆகோட் என்கிறார்கள். கோலி மீனவப் பெண்கள் பொம்பில் மீனை மூங்கில் கழி கட்டிக் காயவைப்பதை வெர்சோவா பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். மேல்கரையில் ஜூன், ஜூலை 61 நாள் மீன்பிடித் தடை. கீழ்க்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அந்த நாட்களில் ஏழை வாய்க்குக் கிடைக்கிற மீன், காயவைத்த மீன்தான்.

ஆனால் இந்தப் பழம்பெருமையைப் பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. குலுக்கை எல்லார் வீட்டிலுமா இருந்தது? நிலம் உள்ளவன் வீட்டில் இருந்தது. அவன் வயலில் கூலிக்கு அறுத்தவன் வீட்டில் மூன்று நாள் நெல்கூட மிஞ்சியதில்லை. மிஞ்சியிருந்தால் நம் தாத்தாமார் ஏன் பம்பாய்க்கு ரயிலேறியிருக்கப் போகிறார்கள்? இன்றைக்கும் அப்படித்தான். அன்றாடம் வாங்கி அன்றாடம் தின்பவனைப் பார்த்து "முன்னெச்சரிக்கையாகச் சேமித்து வைத்துக்கொள்" என்று வானொலியில் சொல்வது கேலி. ஒவ்வொரு வீட்டிலும் குலுக்கை வைக்க முடியாதென்றால், ஒவ்வொரு ஊருக்கும் ஒரு குலுக்கை வேண்டும். அதை நிரப்பவேண்டியது அரசு. சாவி ஊர்ப் பெண்கள் கையில் இருக்கவேண்டும்.

இது நடக்காத காரியமா? ஒடிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபர் பெரும்புயலில் அந்தக் கரையில் ஏறக்குறைய 10,000 பேர் மாண்டார்கள். 2019 மே மாதம் பானி புயல் வந்தபோது 12 லட்சம் பேரை முன்கூட்டியே இடம்பெயர்த்தார்கள். ஏறக்குறைய 9,000 தங்குமிடம், 7,000 சமையற்கூடம். மாண்டவர்கள் 64 பேர். அந்த 64 உயிரும் உயிர்தான். ஆனாலும் இருபது ஆண்டில் ஓர் ஏழை மாநிலம் செய்துகாட்டிய வேலை இது. இங்கே கவனிக்கவேண்டியது, தங்குமிடத்தோடு சமையற்கூடத்தையும் சேர்த்தே எண்ணினார்கள் என்பது. பசித்த வயிற்றோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யார் வீட்டைப் பூட்டிவிட்டு வருவார்கள்? போகிற இடத்தில் அவலும் வெல்லமுமாவது உண்டு, சூடாகச் சோறு உண்டு என்று தெரிந்தால் ஜனங்கள் வருகிறார்கள்.

ஒடிசாவிலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. உயிரைக் காப்பாற்றினார்கள், பிழைப்பைக் காப்பாற்றவில்லை. புயலடிக்கும் கஞ்சம் மாவட்டத்திலிருந்து இளைஞர்கள் இன்னும் சூரத்து விசைத்தறிக்கு ரயிலேறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த வண்டிகளின் பொதுப் பெட்டியைப் பார்க்கும் எவருக்கும் இது தெரியும். புயலுக்குத் தப்பியவன் பசிக்குத் தப்ப முடியாமல் ஊரைவிட்டுப் போகிறான். போன இடத்தில் அவனுக்கு ரேஷன் உண்டா? இங்கேதான் நம் கதையும் அவன் கதையும் ஒன்றாகிறது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். இதை நம் தோழர்களில் பலர் அறிந்திருக்க நியாயமில்லை. ஆகவே சற்று நிதானமாகப் படியுங்கள்.

உணவுப் பாதுகாப்பு மசோதா 2011 டிசம்பரில் மக்களவையில் வைக்கப்பட்டபோது அதில் நமக்கென்றே எழுதியது போல இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. முதலாவது, பிழைக்க வெளியூர் போனவர்கள் தாங்கள் இப்போது குடியிருக்கும் இடத்திலேயே உரிமைத் தானியத்தைப் பெற அரசு வழி செய்யவேண்டும் என்பது. இரண்டாவது, பேரிடரில் அடிபட்ட குடும்பங்களுக்கு மூன்று மாதம் வரை நாளுக்கு இரண்டு வேளை உணவு இலவசமாகத் தரவேண்டும் என்பது. 2013 செப்டம்பரில் அது சட்டமாக வெளிவந்தபோது இரண்டையும் காணோம். மாதம் ஆளுக்கு 5 கிலோ தானியம் இருந்தது, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உணவு இருந்தது, நல்லதுதான். ஆனால் ஊர்விட்டு ஊர் வந்தவனும் வெள்ளத்தில் சிக்கியவனும் சட்டத்திலிருந்து இறக்கிவிடப்பட்டார்கள். டிக்கெட் எடுத்தவனை நடுவழி ஸ்டேஷனில் இறக்கிவிட்டது போல.

"2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இருக்கிறதே, அதில் நிவாரண முகாமில் உணவு தரச் சொல்லியிருக்கிறதே" என்று படித்தவர்கள் கேட்கலாம். இருக்கிறது. குறைந்தபட்ச நிவாரணத்துக்கு வழிகாட்டும் நெறிகள் வகுக்கவேண்டும் என்று இருக்கிறது. முகாமுக்குப் போனால் கிடைக்கலாம். ஆனால் என் வீட்டுக்கு வந்த தண்ணீருக்காக எனக்கு இத்தனை நாள் உணவு உரிமை என்று ஒரு தொழிலாளி ரேஷன் கடை வாசலில் நின்று கேட்க அதில் வழியில்லை. உரிமைக்கும் உபகாரத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

வெளியூர் வந்தவன் விஷயத்தில் பின்னால் கொஞ்சம் அசைந்தார்கள். 2019இல் ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு என்று தொடங்கினார்கள். தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. 2020இல் ரயில் நின்று, வேலை நின்று, நம் ஜனங்கள் பட்ட பாட்டை நாடே பார்த்த பிறகு, உச்சநீதிமன்றமும் 2021 ஜூன் மாதத் தீர்ப்பில் எல்லா மாநிலங்களும் இதை நிறைவேற்றக் கெடு வைத்தது. நல்ல காரியம். ஆனால் இதில் நமக்கென்று ஒரு முடிச்சு விழுந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி ஏழைக்கு மட்டும் என்று பிரிக்கவில்லை. அரிசி கார்டு உள்ள எல்லாருக்கும் உண்டு. இதை நான் குறை சொல்லமாட்டேன். நாட்டிலேயே சிறந்த ஏற்பாடுகளில் ஒன்று அது. ஆனால் மத்தியச் சட்டத்தின் கணக்கில் அந்தக் கார்டுகள் இரண்டாகப் பிரிந்திருக்கின்றன: முன்னுரிமைக் கார்டு, முன்னுரிமையற்ற கார்டு. ஊரில் இரண்டுக்கும் அரிசி கிடைப்பதால் தன்னுடையது எது என்று பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மாநில எல்லையைத் தாண்டினால்தான் வித்தியாசம் தெரிகிறது. முன்னுரிமைக் கார்டும் அந்தியோதயா கார்டும் மும்பைக் கடை இயந்திரத்தில் ஓடும்; முன்னுரிமையற்ற கார்டு ஓடாது. அதற்கு அரிசி கொடுப்பது தமிழ்நாடு அரசு தன் காசில். அந்தக் காசு எல்லை தாண்டாது.

சங்க அலுவலகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த சகோதரி கேட்ட கேள்வியை அப்படியே எழுதுகிறேன். ஆத்தூர் பக்கத்துக் கடலோரக் கிராமம் அவருக்கு. "அண்ணாச்சி, எம் பேர அங்கன எடுத்துட்டா அம்மைக்கு வார அரிசி கொறஞ்சிரும். எடுக்கலன்னா இங்கன புதுக் கார்டு தரமாட்டோங்கான். அந்தக் கார்டக் கொண்டு வந்து காட்டுனா இது இங்க ஓடாதுங்கான். அப்ப நான் எங்கனதான் அரிசி வாங்க?"

அவர் சொல்வதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. கார்டில் ஆள் குறைந்தால் அரிசி குறையும். இன்னொன்றும் இருக்கிறது. 2023 வெள்ளத்துக்குப் பிறகு தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் கடுமையாகப் பாதித்த தாலுகாக்களில் 6,000 ரூபாயும், மற்ற இடங்களில் 1,000 ரூபாயும் ரேஷன் கடை வழியாகக் கார்டைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். ஊர்க் கார்டை முழுசாக ஒப்படைத்துவிட்டு வந்தவனுக்கு, அவன் வீட்டுச் சுவர் இடிந்தாலும், பெயர் இல்லை. இங்கே மும்பையில் கார்டு எடுக்கலாம் என்றால், 2013 சட்டத்தை நடைமுறைப்படுத்த மகாராஷ்டிரம் நகரக் குடும்பத்துக்கு வைத்த வருமான வரம்பு ஆண்டுக்கு 59,000 ரூபாய். மாதத்துக்கு 5,000 ரூபாய்கூட இல்லை! தாராவியில் ஒரு ரூமுக்கு வாடகை என்ன என்று அந்த வரம்பை எழுதிய அதிகாரிக்குத் தெரியுமா? அந்த வருமானத்தில் இந்த நகரில் எவனாவது உயிரோடு இருக்க முடியுமா? ஆக, மும்பையில் நாம் ஏழையில்லை, ஊரில் நாம் ஆளில்லை.

இரண்டு கரையிலும் நாம் பள்ளத்தில்தான் குடியேற்றப்பட்டிருக்கிறோம் என்பதையும் சொல்லியாகவேண்டும். 1976இல் நெருக்கடி நிலைக் காலத்தில் ஜனதா காலனியை இடித்து, அங்கிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை டிராம்பேக் கழிமுகத்துச் சேற்றோரம் கொண்டுபோய் இறக்கினார்கள். அதுதான் சீத்தா கேம்ப். மித்தி ஆற்றின் மேலே விமான ஓடுபாதையை நீட்டினார்கள், அதன் சதுப்பைத் தூர்த்துப் பாந்த்ரா–குர்லா மாளிகைகளைக் கட்டினார்கள். 2005இல் அந்தத் தண்ணீர் நம் வீட்டுக்குள் வந்தது. 2024இல் தாராவித் திட்டத்துக்காகக் காஞ்சூர்மார்க், பாண்டூப், முலுண்ட் பக்கம் 255 ஏக்கருக்கு மேல் உப்பள நிலத்தை மாநில அரசுக்கு மாற்றினார்கள். உப்பளம் என்றால் என்ன என்று தூத்துக்குடிக்காரனுக்குச் சொல்லவேண்டியதில்லை. கடல் நீரையும் மழை நீரையும் வாங்கி நிற்கும் தாழ்ந்த நிலம் அது. அடுத்த பெருமழையில் அங்கே குடியேற்றப்பட்டவன் வீட்டு அரிசி டின் எங்கே மிதக்கும் என்று இப்போதே கேட்டுவைப்போம்.

நடக்கக்கூடியதைத்தான் நாம் கேட்கிறோம். 2025இல் மழைக்காலத்தை முன்னிட்டு ஜூன், ஜூலை, ஆகஸ்டு மூன்று மாதத் தானியத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிடும்படி மத்திய அரசே மாநிலங்களுக்குச் சொன்னது. ஆக, முன்கூட்டியே கொடுக்க முடியும் என்று அரசே ஒப்புக்கொண்டது. ஆனால் டில்லியில் இருப்பவர்களுக்கு மழை என்றால் ஜூன் மாதம். மும்பைக்கு அது பொருந்தும். தூத்துக்குடிக்கும் நாகப்பட்டினத்துக்கும் வெள்ளமும் புயலும் வருவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். 2018இல் கஜா வந்தது நவம்பர். 2017இல் ஒக்கி வந்தது நவம்பர் கடைசி. 2004இல் சுனாமி, 1964இல் தனுஷ்கோடியை அழித்த புயல், 2023 வெள்ளம், எல்லாமே டிசம்பர். கீழ்க்கரைக்கு முன்கூட்டிய அரிசி செப்டம்பரில் இறங்கவேண்டும்.

இன்னொரு குறை. மூன்று மாத அரிசியை ஒரே தடவையில் வாங்கி எங்கே வைப்பது? ஐந்து பேர் குடும்பத்துக்கு 75 கிலோ. மாடி வீட்டுக்காரனுக்குச் சரி. பத்துக்குப் பத்து ரூமில் அதைத் தரையில் வைத்தால் முதல் வெள்ளத்தோடு போயிற்று. விற்றுக் கடன் அடைத்தால் அதற்கு முன்பே போயிற்று. ஆகவேதான் ஊர்க் குலுக்கை என்கிறேன். பள்ளிக்கூட மாடியோ, புயல் பாதுகாப்புக் கட்டிடமோ, சால் கட்டிடத்தின் மேல்மாடியோ, தண்ணீர் ஏறாத ஓர் அறை. அதில் அந்தப் பகுதிக்கு ஒரு மாத அரிசி, பருப்பு, அவல், உப்பு, தீப்பெட்டி, கேஸ் சிலிண்டர், பெரிய பாத்திரம். மழைக்காலம் முடிந்ததும் அந்த அரிசியையே அடுத்த மாத ரேஷனாகக் கொடுத்துவிட்டுப் புதிது வைத்தால் புழுக்காது, வீணாகாது.

அரிசிக்கு எங்கே போவது என்பார்கள். குட்ஸ் ஆபீஸ் கணக்கையே சொல்கிறேன். உணவுக் கழகத்தின் அரிசி ஒரு ரேக்கில் 42 வாகன் வருகிறது. ஏறக்குறைய 2,600 டன். ஆளுக்கு 5 கிலோ வீதம் 5 லட்சத்து 20 ஆயிரம் பேருக்கு ஒரு மாதம் ஆகும். ஒரே ஒரு ரயில்! இதை முன்கூட்டி ஓட்ட முடியாதா? 1964 புயலில் நொறுங்கிய பாம்பன் பாலத்தை நம் ரயில்வேத் தொழிலாளர்கள் 46 நாளில் மீண்டும் நிறுத்தினார்கள். தனுஷ்கோடி ஊரை மட்டும் அறுபது ஆண்டாகியும் யாரும் நிறுத்தவில்லை. வேகம் இல்லாததால் அல்ல. வண்டி போகும் பாதைக்குக் காட்டிய அக்கறையை அங்கே வாழ்ந்தவனுக்குக் காட்டாததால்.

மீனவர் விஷயத்தைத் தனியே சொல்லவேண்டும். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் கடலுக்குப் போகக் கூடாது. சரியான உத்தரவு. ஒக்கியில் எச்சரிக்கை பிந்தியதால் எத்தனை குமரி மாவட்டக் குடும்பங்கள் அழிந்தன என்பதை நாடறியும். ஆனால் கூண்டு ஏற்றிய ஒவ்வொரு நாளும் கூலியில்லாத நாள். ஐப்பசிக்கு மேல் உப்பளத் தொழிலாளிக்கும் வேலையில்லை. பசி மிஞ்சினால் எச்சரிக்கையை மீறிப் படகை இறக்கத்தானே செய்வான்? தடைக்காலத்துக்கு நிவாரணத் தொகை கொடுப்பது போல, கூண்டு ஏறிய நாட்களுக்கும் கணக்கிட்டு ரேஷன் கடையில் அரிசியும் பருப்பும் இறங்கவேண்டும். ஆபத்து அறிவிப்பும் அரிசி அறிவிப்பும் ஒரே தந்தியில் போகவேண்டும் என்று பழைய தோழர் ஒருவர் கூட்டத்தில் சொன்னார். தந்தி 2013இலேயே நின்றுவிட்டது. அவர் சொன்னது நிற்கவில்லை.

கைரேகை இயந்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோல் பதனிடும் கைக்கும் சிமெண்டு குழைக்கும் கைக்கும் ரேகை தேய்ந்துபோவது நமக்குத் தெரிந்ததே. வெள்ள நாளில் மின்சாரமும் நெட்வொர்க்கும் போனால், ரேகை உள்ளவனுக்கும் அந்த இயந்திரம் அரிசி தராது. ஆதார் சரியாக ஓடவில்லை என்பதற்காக யாருக்கும் தானியம் மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறையே 2017இல் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. கடைக்காரர் மறுத்தால் சண்டை போடாதீர்கள். மறுத்த தேதியையும் கடை எண்ணையும் எழுதிச் சங்கத்தில் கொடுங்கள்.

மேலே இருப்பவர்களிடம் நாம் கேட்பது இவை. 2013இல் கழற்றிவிட்ட இரண்டு ஏற்பாடுகளையும் சட்டத்தில் திரும்பச் சேர்க்கவேண்டும். நம் முன்னுரிமையற்ற கார்டுகளும் வெளிமாநிலத்தில் ஓடுவதற்குத் தமிழ்நாடு அரசும் மகாராஷ்டிர அரசும் பேசிச் செலவுக் கணக்கை முடித்துக்கொள்ளவேண்டும். வருமான வரம்பை இந்த நகர வாடகையைப் பார்த்து எழுதவேண்டும். கடலோரப் பள்ளத்தில் குடியிருப்பவர்களுக்கு மேட்டில் ஓர் அரிசி அறை வேண்டும். மனு தயாராகிறது. இரண்டு மாநிலத்து உணவு அமைச்சர்களுக்கும் நம் தொகுதி எம்.பி.க்களுக்கும் தமிழிலும் மராத்தியிலும் போகும். ஒவ்வொரு வீட்டிலும் வயது வந்த எல்லாரும் கையெழுத்துப் போடவேண்டும். பெண்கள் முதலில் போடவேண்டும், ஏனெனில் கடையில் வரிசையில் நிற்பது அவர்கள்தான்.

அதற்குமுன் இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஊருக்குப் போன் போட்டுக் கார்டின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பி.எச்.எச். என்றிருந்தால் முன்னுரிமைக் கார்டு. முன்னால் என் என்ற எழுத்துச் சேர்ந்திருந்தால் முன்னுரிமையற்றது. முன்னுரிமைக் கார்டானால் பெயரை எடுக்கவே வேண்டாம். ஆதார் இணைந்திருந்தால் இங்கே இருப்பவர்கள் தங்கள் பங்கை இங்கேயும், ஊரில் இருப்பவர்கள் மீதியை அங்கேயும் வாங்கலாம். அம்மைக்கு உரியது அம்மைக்கே போகும். இது தெரியாமல் பல ஆண்டுகளாக வெளிக்கடையில் விலை கொடுத்து அரிசி வாங்கும் குடும்பங்கள் நம் தெருவிலேயே உண்டு. சந்தேகம் உள்ளவர்கள் ஞாயிறு காலை 10 மணி முதல் 1 மணி வரை கார்டு நகலோடு சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். மூலக் கார்டைக் கொண்டுவர வேண்டாம். அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, தரையில் இல்லாமல், உயரத்தில் வையுங்கள்.